உள்ளூர் வானொலியில் உள்ளூர்க்காரர் எங்கே? ஆள் குறைப்பும் அஞ்சல் ஒலிபரப்பும்

தாமிரபரணி நேயர் எழுதியது:

நம் பக்கத்து அகில இந்திய வானொலி நிலையங்களைத் தொடர்ந்து கேட்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். காலையில் இரண்டு மூன்று மணி நேரம் நம் ஊர்க் குரல் வரும், அப்புறம் சென்னையிலிருந்தோ வேறு நிலையத்திலிருந்தோ அஞ்சல் (அங்கே ஓடுவதை இங்கே அப்படியே எடுத்து விடுவது), இடையில் கணினியில் ஏற்றிவைத்த பாட்டு, சாயங்காலம் கொஞ்ச நேரம் மறுபடி நம் ஊர், பிறகு திரும்பவும் அஞ்சல். எந்த நிலையம் என்று பெயர் சொல்ல விரும்பவில்லை. அங்கே மிச்சமிருக்கிற சில பேர் மூன்று ஆள் வேலையை ஒரு ஆளாகச் செய்கிறார்கள், இந்தப் பேச்சால் அவர்களுக்குச் சங்கடம் வரக்கூடாது.

நாட்டிலேயே முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984-ல் நாகர்கோவிலில்தான் தொடங்கியது. அந்தத் திட்டத்தின் எண்ணமே வேறு. தலைநகர நிலையம் மாநிலம் முழுக்கப் பேசட்டும், ஆனால் ஒரு மாவட்டத்துக்கு அதன் விவசாயம், அதன் கடல், அதன் பள்ளிக்கூடம், அதன் ஆட்களைப் பற்றிப் பேச அங்கேயே ஒரு நிலையம் வேண்டும் என்று நினைத்தார்கள். ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு கிராமத்துக்குப் போய்ப் பேட்டி எடுத்து வந்து அன்றைக்கே போட்ட காலம் இருந்தது.

2021 ஜனவரியில் நிலையங்களை மூடப்போகிறார்கள், தரம் குறைக்கப்போகிறார்கள் என்று செய்தி பரவியபோது, அகில இந்திய வானொலியை நடத்தும் பிரசார் பாரதி மறுத்தது. எந்த நிலையமும் மூடப்படாது, உள்ளூர் நிகழ்ச்சித் தயாரிப்பு தொடரும் என்றார்கள். மூடவில்லை, சரி. ஆனால் ஒரு நிலையத்தை மூடாமலே பேச்சை நிறுத்த முடியும். ஓய்வு பெறுகிறவர் இடத்தில் ஆள் போடாமல் விட்டாலே போதும், அஞ்சல் நேரம் தானாகக் கூடிக்கொண்டே போகும், யாரும் எந்த ஆணையிலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

உங்கள் பக்கம் எப்படி இருக்கிறது? என்னென்ன போயிற்று, என்ன மிச்சம்? தனியார் பண்பலையில் வேலை பார்த்தவர்களும் எழுதுங்கள், அங்கேயும் இதே கதைதான் என்று கேள்விப்படுகிறேன்.


ஸ்கிப் பட்டன் எழுதியது:

எதிர்க்கருத்து சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். பாட்டு வேண்டுமென்றால் போனில் இருக்கிறது, செய்தி வேண்டுமென்றால் அதிலேயே இருக்கிறது, மழை வருமா என்று பார்க்கவும் அதே போன்தான். என் வயதில் இருக்கிறவர்கள் யாரும் ரேடியோவைத் திருப்பி அலைவரிசை தேடுவதில்லை. கேட்க ஆள் குறைந்தால் வேலைக்கு ஆள் குறைவது எல்லா இடத்திலும் நடப்பதுதானே? அரசு நிலையம் ஓடுவது வரிப்பணத்தில். பத்து நிலையத்தில் பத்துப் பேர் ஒரே மாதிரி நேயர் விருப்பம் போடுவதை விட ஒரு இடத்தில் நன்றாகத் தயாரித்து எல்லோருக்கும் அனுப்பினால் என்ன தப்பு?


குறுவை எழுதியது:

தம்பி, பாட்டுக்கு நீ சொல்வது சரி. பாட்டை யார் போட்டாலும் பாட்டுதான். நான் டெல்டாக்காரன், விவசாயம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஆடுதுறை 27 நெல் ரகம் அறுபதுகளில் தஞ்சாவூர் மாவட்டத்தில் பரவியபோது அதற்கு ஜனங்கள் வைத்த பெயர் ‘ரேடியோ நெல்’. திருச்சி வானொலி சொல்லித்தான் அந்த ரகம் வயலுக்கு வந்தது என்பதால் அந்தப் பெயர். எப்போது நாற்று விடணும், எவ்வளவு உரம், என்ன பூச்சி வரும், எல்லாம் சாயங்காலம் ரேடியோவில் கேட்டு மறுநாள் வயலில் செய்தார்கள். எங்கள் அப்பா காலத்து ஆட்கள் இன்றைக்கும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் பேசுவார்கள். வானொலியின் பெயரால் ஒரு நெல் ரகத்தை அழைத்தார்கள் என்றால் அந்த நிலையத்தை ஜனங்கள் எவ்வளவு நம்பினார்கள் என்று யோசித்துப் பார்.

இப்போதும் பண்ணை நிகழ்ச்சி இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மாநிலத்துக்கே பொதுவாக ஒன்றைத் தயாரித்தால் அது யாருக்கு? மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர நாள் ஆகும். எந்த வாய்க்காலில் முறை வைக்கிறார்கள், எந்த ஷட்டர் பழுது, எந்தக் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தேங்கிக் கிடக்கிறது, இதைச் சென்னையில் உட்கார்ந்து யார் சொல்வார்? கொங்குநாட்டு மஞ்சள் விவசாயிக்கு எங்கள் கடைமடைக் கவலை தேவையில்லை, எங்களுக்கு அவர் மஞ்சள் விலை தேவையில்லை. ‘ஒரு இடத்தில் நன்றாகத் தயாரித்து’ என்று நீ சொல்கிற அந்த நிகழ்ச்சியில் இரண்டு பேருக்கும் பாதிதான் கிடைக்கும்.

வாட்ஸாப்பில் வருகிறதே என்பாய். வருகிறது, அதில் எந்தப் பூச்சிமருந்தை எவ்வளவு கலக்கணும் என்று யார் யாரோ சொல்கிறான். தப்பாகப் போனால் யாரைப் போய்க் கேட்பது? வானொலியில் வேளாண் அலுவலர் பேர் சொல்லிப் பேசுவார், தப்பு என்றால் மறுநாள் நிலையத்துக்கே போன் போட்டுக் கேட்போம்.


கியூஷீட் எழுதியது:

நான் தென் மாவட்டத்தில் ஒரு அரசு நிலையத்தில் கேசுவல் அறிவிப்பாளராக இருந்தவள். எங்கே, எப்போது என்பது வேண்டாம். உள்ளே வேலை எப்படி நடக்கிறது என்று வெளியில் பலருக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

வானொலியில் நீங்கள் கேட்கிற குரல்களில் பெரும்பாலானவை நிரந்தர ஊழியர்களுடையவை அல்ல. எழுத்துத் தேர்வு, குரல் தேர்வு எல்லாம் முடித்து, வாணி என்கிற அறிவிப்பாளர் சான்றிதழ் பயிற்சியும் எடுத்து, தற்காலிக அறிவிப்பாளர் பட்டியலில் சேர்கிறோம். மாதத்துக்கு அதிகபட்சம் ஆறு டூட்டி. அதற்கு மேல் தரமாட்டார்கள், தொடர்ச்சியாக வேலை செய்தோம் என்று சொல்லி நிரந்தரம் கேட்டுவிடக்கூடாது என்பதுதான் அதற்குப் பின்னால் உள்ள கணக்கு. நாட்டில் பல ஊர்களில் தீர்ப்பாயம், நீதிமன்றம் என்று இதற்காக வழக்குப் போட்டு அலைந்தவர்கள் இருக்கிறார்கள். மாதம் ஆறு நாள் சம்பளத்தில் யாரும் குடும்பம் நடத்த முடியாது. பள்ளியில் பாடம் எடுப்பார்கள், ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுவார்கள், நடுவில் டூட்டிக்கு வருவார்கள். அப்படியும் பல வருடம் விடாமல் வந்தவர்கள் என்னோடு இருந்தார்கள், ஆசைதான் காரணம்.

ஒரு டூட்டி என்றால் பாட்டுக்கு நடுவே பேசிவிட்டுப் போவது என்று நினைக்காதீர்கள். கியூ ஷீட்டை, அதாவது அன்றைய நிகழ்ச்சி நிரல் தாளைப் பார்த்து ஒவ்வொரு நிகழ்ச்சியையும் நொடி தவறாமல் எடுத்துவிட வேண்டும், அஞ்சலுக்கு மாற வேண்டிய நேரத்தில் மாற வேண்டும், லைன் அறுந்தால் உடனே நம் நிலையத்திலிருந்து ஏதாவது போட்டு நிசப்தம் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டூட்டி ரூமில் போன் அடிக்கும். ‘எங்க ஊர்ல கரண்ட் போயி ரெண்டு நாளாச்சு, சொல்லுங்கம்மா’ என்பார்கள். ஆலங்கட்டி மழை பெய்தது என்பார்கள். எங்களால் அதைச் செய்தியாக அப்படியே சொல்ல முடியாது, ஆனால் நிகழ்ச்சி நிர்வாகியிடம் சொல்வோம், அவர் மின்வாரியத்தில் கேட்டு உறுதி செய்துகொண்டு அறிவிப்பாகக் கொடுப்பார், அடுத்த பாட்டு முடிந்ததும் அது காற்றில் போகும். மொத்தம் கால் மணி நேரம்கூட ஆகாது.

இந்தச் சங்கிலியில் முதலில் அறுந்தது நிகழ்ச்சி நிர்வாகிதான். முன்பு ஒரு நிலையத்தில் விவசாயத்துக்கு ஒருவர், மகளிர் நிகழ்ச்சிக்கு ஒருவர், நாடகத்துக்கு ஒருவர், கிராமிய இசைக்கு ஒருவர் என்று இருப்பார்கள். ஒருவர் ஓய்வு பெற்றால் அவர் வேலை பக்கத்து மேசைக்குப் போகும், அவரும் ஓய்வு பெற்றால் இன்னொரு மேசைக்கு. கடைசியில் ஒரே ஆள் எல்லாவற்றையும் பார்ப்பார், வெளியூர்ப் பதிவுக்குப் போக அவருக்கு நேரம் இருக்காது, அதனால் பழைய பதிவு மறுஒலிபரப்பாகும். பணியாளர் தேர்வு வாரியம் என்று பிரசார் பாரதி ஒன்றை அமைத்ததே 2020-ல்தான், பிரசார் பாரதி வந்ததோ 1997-ல். நடுவில் எத்தனை பேர் ஓய்வு பெற்றிருப்பார்கள் என்று நீங்களே யோசியுங்கள்.

நிர்வாகி இல்லை என்றால் அடுத்து அறிவிப்பாளர் தேவையில்லை. பேச ஒன்றும் தயாராகவில்லையே. அப்புறம் ஆறு டூட்டி நாலாகும், நாலு இரண்டாகும், பட்டியலில் பெயர் இருக்கும், போன் வராது.


தாமிரபரணி நேயர் எழுதியது:

அக்கா, இதைத்தான் கேட்க நினைத்தேன். நன்றி. நிரந்தர ஆளைக் குறைத்தால் கேசுவலை வைத்து ஓட்டுவார்கள் என்று வெளியில் நினைக்கிறோம். நிரந்தர ஆள் போனதும் கேசுவலுக்கும் வேலை போகிறது என்பது இப்போதுதான் புரிகிறது.


கிலோஹெர்ட்ஸ் எழுதியது:

நான் பொறியியல் பிரிவு ஆள், ஓய்வு பெற்றாயிற்று. பணம் எங்கே போகிறது என்று சொல்கிறேன்.

2023 ஜனவரியில் ஒளி ஒலிபரப்புக் கட்டமைப்புக்கென்று மத்திய அமைச்சரவை 2,539 கோடி ரூபாய்க்கு மேல் ஒப்புதல் கொடுத்தது, 2025-26 வரைக்குமான திட்டம், வானொலி தொலைக்காட்சி இரண்டுக்கும் சேர்த்து. அதே வருடம் ஏப்ரல் 28-ல் ஒரே நாளில் 91 பண்பலை ட்ரான்ஸ்மிட்டர்களைத் தொடங்கி வைத்தார்கள். ஒவ்வொன்றும் 100 வாட். பரப்பளவு கூடியது, அதுவரை எட்டாத மலையோர, எல்லையோர ஊர்களுக்கு வானொலி போனது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ட்ரான்ஸ்மிட்டர் நிறுவுவதுதான் நான் செய்த வேலை, அதன் அருமை எனக்குத் தெரியும்.

ஆனால் 100 வாட் ட்ரான்ஸ்மிட்டர் என்பது ஒரு அலமாரி அளவு பெட்டி. செயற்கைக்கோளிலிருந்து வருவதை வாங்கி அப்படியே விடும். ஸ்டூடியோ கிடையாது, அறிவிப்பாளர் கிடையாது. இப்படிப்பட்ட பெட்டிகளைப் பெருக்குவதும், ஸ்டூடியோ உள்ள நிலையங்களை அந்தப் பெட்டி மாதிரி நடத்துவதும் வேறு வேறு. முதலாவது வளர்ச்சி. இரண்டாவது கையில் இருப்பதை இழப்பது. மூலதனச் செலவுக்குத் திட்டம் போட்டால் பணம் வருகிறது, திறப்பு விழா நடக்கிறது, படம் எடுக்க முடிகிறது. சம்பளம் வருடா வருடம் வரும் செலவு, அதற்கு யாரும் விழா எடுப்பதில்லை. இவ்வளவுதான் காரணம், இதில் பெரிய சதி எதுவும் இல்லை என்பது என் அனுபவம்.

இன்னொன்று. எல்லாவற்றையும் பண்பலைக்கு மாற்றுங்கள், மத்திய அலை (மீடியம் வேவ்) பழசு என்று பேசுகிறார்கள். பண்பலை கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும். கொடைக்கானல் 100.5 இவ்வளவு மாவட்டங்களில் கேட்பதற்குக் காரணம் அது மலை மேல் இருப்பது. சமதளத்தில் 100 வாட் வைத்தால் பதினைந்து கிலோமீட்டர் தூரம் கிடைத்தால் நல்லது. மத்திய அலை அப்படி இல்லை, தரையோடு ஒட்டிப் போகும், அதுவும் உப்புத் தண்ணீர் மேல் மிக நன்றாகப் போகும். தூத்துக்குடியின் 1053 கிலோஹெர்ட்ஸ் கடல் தாண்டி இலங்கையில் கேட்பது இதனால்தான். கரையிலிருந்து வெகுதூரம் போகிற மீனவனுக்குச் சின்ன ரேடியோவில் கிடைக்கக்கூடியது பெரும்பாலும் மத்திய அலைதான். மின்கட்டணம் அதிகம், ட்ரான்ஸ்மிட்டர் பழசு, உதிரிபாகம் கிடைப்பது சிரமம், எல்லாம் உண்மை. ஆனாலும் கடலோர மாவட்டத்தில் ஒரு மத்திய அலை ட்ரான்ஸ்மிட்டரை நிறுத்தும் முன் நூறு தடவை யோசிக்க வேண்டும்.


ஸ்கிப் பட்டன் எழுதியது:

குறுவை ஐயா சொன்னதையும் அக்கா சொன்னதையும் படித்தேன். பேரிடர் நேரத்துக்கு உள்ளூர் ஆள் வேண்டும் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். 2023 டிசம்பரில் எங்கள் பக்கம் வெள்ளம் வந்தபோது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோனபோது, கரண்ட் இல்லை, டவர் இல்லை, போன் வெறும் டார்ச் லைட்டாகத்தான் இருந்தது. ஆனால் என் கேள்வி வேறு. அன்றைக்கு எத்தனை வீட்டில் ரேடியோ இருந்தது? எங்கள் தெருவில் நான் பார்க்கவில்லை. ஸ்டூடியோவில் ஆள் உட்கார்ந்து பேசினாலும் கேட்கக் கருவி வேண்டுமே.


கிலோஹெர்ட்ஸ் எழுதியது:

நியாயமான கேள்வி தம்பி. பல போன்களில் பண்பலை வாங்கும் வசதி சிப்பிலேயே இருக்கிறது, தயாரிப்பாளர்கள் அதை இயங்க விடாமல் வைக்கிறார்கள். 2023-ல் மத்திய மின்னணு அமைச்சகம் அந்த வசதியை முடக்காமல் கொடுங்கள் என்று நிறுவனங்களுக்கு அறிவுரை அனுப்பியது, பேரிடர் காலத்தைக் காரணம் காட்டித்தான். வயர் உள்ள இயர்போனைச் செருகினால் அந்த வயரே ஆன்டெனா. டவர் தேவையில்லை, டேட்டா தேவையில்லை. உன் போனில் இருக்கிறதா என்று இன்றைக்கே பார். பேட்டரி போட்ட சின்ன ரேடியோ ஒன்றும் வாங்கி வை, கடலோர மாவட்டத்தில் குடியிருக்கிறாய்.

ஆனால் வெறும் கருவி இருந்து என்ன செய்ய? அலைவரிசையைத் திருப்பினால் வேறு ஊர் ஸ்டூடியோவிலிருந்து பாட்டு ஓடிக்கொண்டிருந்தால், வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறவன் அடுத்த தடவை திருப்ப மாட்டான். இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும்.


மாலைநேர மைக் எழுதியது:

தனியார் பக்கம் கேட்டீர்களே, சொல்கிறேன். ஒரு தனியார் பண்பலையில் இரண்டாம் நிலை நகரம் ஒன்றில் சாயங்கால ஷோ செய்தேன். பெயர் வேண்டாம்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு ஊருக்கும் காலை, மதியம், மாலை, இரவு என்று தனித்தனி ஆர்.ஜே., புரொடியூசர், புரோமோ எழுத ஒருவர், அவசரத்துக்குத் தெருவில் இறங்க ஒருவர். அப்புறம் முதலில் போனது பின்னிரவு ஷோ, அடுத்தது மதியம். ஒரு ஊரில் பதிவு செய்து நாலு ஊருக்கு ஓட்டினார்கள். ‘வணக்கம் மதுரை’, ‘வணக்கம் திருச்சி’, ‘வணக்கம் நெல்லை’ என்று மூன்று தடவை தனியாகச் சொல்லிப் பதிவு செய்துவிட்டால் மிச்சமெல்லாம் ஒன்றுதான். மழையைப் பற்றிப் பேசாதே, வெயிலைப் பற்றிப் பேசாதே, கிழமையைச் சொல்லாதே என்று சொல்வார்கள், ஏனென்றால் நாலு ஊரில் ஒரே வானிலை இருக்காது, ஷோ எந்த நாளில் ஓடும் என்றும் தெரியாது. மழையும் வெயிலும் கிழமையும் இல்லாமல் ஒரு மனிதர் இன்னொருவரிடம் என்ன பேச முடியும்? நடிகர் நடிகை பற்றிப் பேசலாம், காதல் தோல்வி பற்றிப் பேசலாம். அதனால்தான் எல்லா ஸ்டேஷனிலும் அதையே கேட்கிறீர்கள்.

சட்டமும் இதற்கு வழி விட்டது. தனியார் பண்பலைக்கு அரசு கட்டம் கட்டமாக உரிமம் கொடுத்தது. இரண்டாம் கட்ட உரிமத்தில் ஒரே நிகழ்ச்சியைப் பல ஊர்களுக்கு விடுவது சின்ன நகரங்களுக்குள், அதுவும் ஒரே பிராந்தியத்துக்குள் மட்டும் என்று கட்டுப்பாடு இருந்தது. மூன்றாம் கட்டத்தில் ஒரு நிறுவனம் தன் நிலையங்கள் எல்லாவற்றுக்கும், நாடு முழுக்க, ஒரே நிகழ்ச்சியை விடலாம் என்று தளர்த்தினார்கள். செலவு குறையும், சின்ன ஊர் நிலையங்கள் பிழைக்கும் என்பது வாதம். பிழைத்தது நிலையத்தின் பெயரும் விளம்பரமும்தான், அந்த ஊரில் வேலை போயிற்று.

நிறுவனத்தின் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். உரிமத்துக்கு ஏலத்தில் கொட்டிய பணம், வருடா வருடம் வருவாயில் 4 சதவீதம் அல்லது ஏலத் தொகையை வைத்துக் கணக்கிடும் ஒரு தொகை, இரண்டில் எது அதிகமோ அது அரசுக்கு. வருமானமே இல்லாத வருடத்திலும் அந்தத் தொகையைக் கட்டியாக வேண்டும். கொரோனா காலத்தில் நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரம் நின்றபோது முதலில் கையை வைத்தது எங்கள் மேல்தான். மேலும் தனியார் நிலையம் சொந்தமாகச் செய்தி சொல்ல முடியாது, அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே விட மட்டும்தான் அனுமதி. மணிக்கு 10 நிமிடம் செய்திக்கு அனுமதிக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023 செப்டம்பரில் பரிந்துரை செய்தது. செய்தி சொல்ல முடிந்தால் உள்ளூர் ஆள் தேவைப்படும், அதை வைத்துக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

ஆனால் ஒன்று சொல்கிறேன், இது பலருக்குத் தெரியாது. மூன்றாம் கட்ட விதியிலேயே போக்குவரத்து, வானிலை, குடிநீர், மின்சாரம், தேர்வு முடிவு, இயற்கைச் சீற்றம், உடல்நல எச்சரிக்கை எல்லாம் செய்தி கணக்கில் வராது, மாவட்ட நிர்வாகம் கொடுப்பதைத் தாராளமாகச் சொல்லலாம். விதி கையைக் கட்டவில்லை. சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.


கியூஷீட் எழுதியது:

‘மழையைப் பற்றிப் பேசாதே’ என்பதைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது தம்பி. எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே ஜன்னல் வழியாக வெளியே பார்த்துவிட்டு மைக்கைத் திறக்க வேண்டும் என்பதுதான்.


ஈஸ்ட்ஹாம் எழுதியது:

லண்டனிலிருந்து. நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை என்பதற்காக எழுதுகிறேன், ஆறுதலுக்காக அல்ல. பிபிசி இங்கிலாந்தில் 39 உள்ளூர் வானொலிகளை வைத்திருக்கிறது. 2022 அக்டோபர் கடைசியில் ஒரு அறிவிப்பு வந்தது. வார நாட்களில் மதியம் 2 மணி வரைதான் ஒவ்வொரு ஊருக்கும் தனி நிகழ்ச்சி, அதற்குப் பிறகு பக்கத்து நிலையங்களோடு பங்கு போட்ட நிகழ்ச்சி, இணையத்துக்குப் பணத்தைத் திருப்புகிறோம், மொத்தத்தில் 48 பணியிடம் குறையும் என்றார்கள். பல காலம் கேட்ட குரல்கள் தங்கள் வேலைக்கே திரும்ப விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. பத்திரிகையாளர் சங்கம் 2023 மார்ச் 15-ல், பட்ஜெட் நாளில், ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்தது, ஜூனில் இரண்டு நாள். திட்டம் நிற்கவில்லை.

நான் கவனித்தது ஒன்று. இங்கே எல்லாம் வெளிப்படையாக நடந்தது. எத்தனை மணி நேரம் குறையும், எத்தனை பேர் போவார்கள், எந்த ஊர் எந்த ஊரோடு சேரும் என்று காகிதத்தில் இருந்தது, நாடாளுமன்றத்தில் எல்லாக் கட்சி உறுப்பினர்களும் அவரவர் தொகுதி நிலையத்துக்காகப் பேசினார்கள். எதிர்க்க ஒரு பொருள் கையில் இருந்தது. நேயர் சொன்ன மாதிரி நம் ஊரில் எந்தக் காகிதமும் இல்லாமல் நடக்கிறது, அதனால் எதை எதிர்ப்பது என்றே தெரியவில்லை. முதலில் கணக்கைக் காகிதத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று தோன்றுகிறது.


பாம்பன் காற்று எழுதியது:

எங்கள் பக்கம் கடல் ஓசை இருக்கிறது, 90.4, 2016-லிருந்து. மீனவர்களுக்கென்றே நடக்கிற சமுதாய வானொலி. காற்று எப்படி, அலை எப்படி, கடலுக்குப் போகலாமா என்பதை எங்கள் பேச்சிலேயே எங்கள் பிள்ளைகளே சொல்கிறார்கள். உள்ளூர் வானொலியை ஜனங்கள் கேட்க மாட்டார்கள் என்று சொல்கிறவர்கள் ஒரு தடவை எங்கள் பக்கம் வந்து பார்க்கட்டும்.

ஆனால் சமுதாய வானொலி வந்துவிட்டது, அரசு நிலையம் ஒதுங்கலாம் என்று யாரும் கணக்குப் போடக்கூடாது. சக்தியும் 100 வாட்டுக்குள், எல்லையும் சின்னது. அரசு விளம்பரத்தை நம்பித்தான் பல நிலையங்கள் ஓடுகின்றன. 2024-ல் விளம்பர நேரத்தை மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 நிமிடமாக உயர்த்தினார்கள், அது நல்லது, ஆனால் சின்ன ஊரில் 12 நிமிடத்துக்கு விளம்பரம் கொடுக்க யார் இருக்கிறார்கள்? கிலோஹெர்ட்ஸ் சார் சொன்ன மாதிரி ஆழ்கடலுக்கும் இது எட்டாது. 2017-ல் ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரி மாவட்டத்து ஆட்கள் எவ்வளவு தூரத்தில் இருந்தார்கள் என்று தெரியும்தானே. அவர்களுக்குத் திரும்பி வாருங்கள் என்று சொல்ல ஒரு வழியும் இல்லாமல் போனது. அதை நினைத்தால் இன்றைக்கும் தாங்கவில்லை.


ஸ்கிப் பட்டன் எழுதியது:

பேரிடருக்கும் விவசாயத்துக்கும் கடலுக்கும் உள்ளூர் ஆள் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். நாடகத்துக்கும் நேயர் விருப்பத்துக்கும் வேண்டுமா என்பதில் என் கருத்து மாறவில்லை. இருக்கிற நாலு பேரை முக்கியமான வேலைக்கு மட்டும் போட்டுவிட்டு மற்றதை அஞ்சல் செய்தால் போதாதா?


கியூஷீட் எழுதியது:

தம்பி, வெள்ளத்துக்கு மட்டும் ஆள் வைக்க முடியாது. வெள்ளத்தன்று ஒரு குரலை நம்ப வேண்டும் என்றால் மற்ற நாளெல்லாம் அந்தக் குரலைக் கேட்டுப் பழகியிருக்க வேண்டும். நேயர் விருப்பத்தில் என் பெயர் சொன்ன அக்கா, கடிதத்துக்குப் பதில் படித்த அண்ணன், அவர் ‘ஆற்றங்கரையில் இருப்பவர்கள் மேட்டுக்குப் போங்கள்’ என்றால் போவார்கள். முன்பின் கேட்டிராத குரல் திடீரென்று வந்து சொன்னால் சந்தேகப்படுவார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. தென்கச்சி கோ. சுவாமிநாதன் அவர்களை ‘இன்று ஒரு தகவல்’ வழியாக மாநிலமே அறியும். அவர் வேளாண்மை படித்தவர், வானொலியில் சேர்ந்தது திருநெல்வேலி நிலையத்தில், பண்ணை நிகழ்ச்சிக்காக. சம்சாரிகளிடம் அவர்களுக்குப் புரிகிற மாதிரி பேசிப் பேசித்தான் அந்தப் பாணி வந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். சின்ன நிலையத்தில் ஆள் எடுப்பதை நிறுத்தினால் பெரிய நிலையத்துக்கு வரவேண்டிய ஆளும் சேர்ந்து நின்றுபோகிறார். இப்போது திறமையான பிள்ளைகள் இல்லையா என்றால் இருக்கிறார்கள், யூடியூபில் ஆளுக்கொரு சேனல் வைத்து அருமையாகப் பேசுகிறார்கள். நிலையம் அவர்களை உள்ளே கூப்பிடவில்லை.


குறுவை எழுதியது:

சரியாகச் சொன்னாய் அம்மா. நாடகமும் நாட்டுப்புறப் பாட்டும் போடுகிற நிலையத்தைத்தான் எங்கள் வீட்டில் திருப்பி வைத்திருப்போம், பண்ணைச் செய்தி அதோடு சேர்ந்து காதில் விழும். பண்ணைச் செய்திக்காக மட்டும் யாரும் ரேடியோ போட மாட்டார்கள்.


தாமிரபரணி நேயர் எழுதியது:

ஈஸ்ட்ஹாம் சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஒரு யோசனை. பிரசார் பாரதி தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வருகிறது. பத்து ரூபாய் கட்டணம், இணையத்திலேயே போடலாம். ஆளுக்கு ஒரு நிலையம் எடுத்துக்கொள்வோம். திருச்சி, மதுரை, கோவை, நெல்லை, நாகர்கோவில், தர்மபுரி, உதகை, கொடைக்கானல், காரைக்கால், புதுச்சேரி. கேள்வி எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். நான் நினைத்திருப்பது இது: நிகழ்ச்சிப் பிரிவில் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, இன்றைக்கு நிரம்பியிருப்பது எத்தனை, பத்து வருடம் முன்பு எத்தனை. ஒரு சராசரி நாளில் சொந்தத் தயாரிப்பு எவ்வளவு நேரம், அஞ்சல் எவ்வளவு நேரம், மறுஒலிபரப்பு எவ்வளவு நேரம். கேசுவல் பட்டியலில் எத்தனை பேர், போன வருடம் அவர்களுக்குக் கொடுத்த மொத்த டூட்டி எத்தனை.

வேறு என்ன சேர்க்கலாம்?


கிலோஹெர்ட்ஸ் எழுதியது:

‘ஏன் நிரப்பவில்லை’ என்று கேட்காதீர்கள். காரணம் கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பி அனுப்ப வாய்ப்பு உண்டு. ‘பணியிடம் நிரப்பக் கோரி நிலையம் தலைமையகத்துக்கு அனுப்பிய கடிதங்களின் நகல்’ என்று கேளுங்கள். அந்தக் கடிதங்கள் கட்டாயம் இருக்கும், நிலைய இயக்குநர்கள் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள்.


மாலைநேர மைக் எழுதியது:

தனியார் நிலையங்களைத் தகவல் உரிமையில் கேட்க முடியாது. ஆனால் 2015-ல் மூன்றாம் கட்டத்துக்கு மாறிய நிலையங்களுக்கு உரிமக் காலம் 15 வருடம், 2030-ல் முடிகிறது. அதற்கு முன்னால் புதிய விதிகள் பற்றிக் கருத்துக் கேட்பார்கள், டிராய் இணையதளத்தில் வரும், யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரமாவது அந்த ஊரிலிருந்தே நேரலை இருக்க வேண்டும் என்று உரிமத்தில் சேர்க்கச் சொல்லி நேயர்கள் எழுத வேண்டும். இதுவரை அந்த மாதிரி ஆலோசனைகளில் பெரும்பாலும் நிறுவனங்களின் குரல்தான் கேட்கிறது. அறிவிப்பு வரும்போது இங்கே போடுகிறேன்.


கியூஷீட் எழுதியது:

ஒரு கேள்வி சேருங்கள். இரவில் கனமழை எச்சரிக்கை வந்தால் நிலையத்தில் அந்த நேரம் அறிவிப்பு கொடுக்கும் அதிகாரம் உள்ளவர் யார், அவர் கட்டடத்துக்குள் இருப்பாரா.


ஸ்கிப் பட்டன் எழுதியது:

என் போனில் பண்பலை இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். திருநெல்வேலிக்கு நான் மனு போடுகிறேன்.


குறுவை எழுதியது:

திருச்சி எனக்கு. ஆன்லைனில் எப்படிப் போடுவது என்று யாராவது தனியாக எழுதுங்கள், இல்லையென்றால் தபாலில் அனுப்பிவிடுகிறேன்.